பெல்ட் நின்ற இடம்

ஹெல்மொண்ட், 3 அக்டோபர் 2019

ஃபீன்,

இந்தக் கடிதத்தில் நான் எழுத நினைப்பவை:

1. பல்சக்கரங்களை மாற்றாமல் ஒரு காரின் வேகம் எப்படி மாறுகிறது.
2. உன் காரில் இருப்பதற்கும் ட்ரீக்கின் காரில் இருந்ததற்கும் என்ன வித்தியாசம்.
3. இயந்திரம் இரைவதும் கார் ஓடுவதும் ஏன் ஒன்றாக ஏறுவதில்லை.
4. கார் நிற்கும்போது பெல்ட் எங்கே இருக்கும்.
5. நீ கேட்காத ஒன்று. இதை எழுதுவேனா என்று இப்போது தெரியவில்லை.

உன் அஞ்சலட்டையில் மூன்றே வரிகள். கார் இரைகிறது, உன் கணவர் ட்ரீக் ஓட்டிய வண்டியில் இருந்த அதே பெல்ட்தான் இதிலும் என்று கராஜ்காரன் சொல்கிறான், அது எப்படி வேலை செய்கிறது, எழுது. கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தவிர உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து பதினோரு வருஷமாகிறது. தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று மூன்று தாள்களைக் கிழித்தேன். அண்ணனாக எழுத வரவில்லை, வாத்தியாராக எழுதுகிறேன்.

முதலாவது. தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டுகள் நான்கு எடுத்துக்கொள். இரண்டின் அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வை. நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். விளிம்பில் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். இன்னொரு ஜோடியையும் அப்படியே வைத்து, இரண்டு பள்ளங்களையும் சேர்த்து ஒரு பெல்ட் சுற்றியதாக நினைத்துக்கொள். ஒரு ஜோடி இயந்திரத்தோடு சுற்றுவது, மற்றது சக்கரங்களோடு. முதல் ஜோடியை நெருக்கினால் பெல்ட் பிதுங்கி விளிம்புக்கு ஏறும். பெல்ட் நீளாது, ஆகவே இரண்டாவது ஜோடி விலகி அதை உள்ளே இறங்க விடும். பெரிய வட்டம் சிறிய வட்டத்தைச் சுழற்றும்போது கார் வேகமாகப் போகும், இழுவை குறையும். தலைகீழாக மாற்றினால் மெதுவாகப் போகும், இழுவை கூடும். சைக்கிள் சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இங்கே தாவல் கிடையாது. படிக்கட்டு இருந்த இடத்தில் சரிவு.

இரண்டாவது. ட்ரீக்கின் காரில் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். இயந்திரம் வேகமாகச் சுற்றினால் சில எடைக்கட்டிகள் வெளியே வீசப்பட்டு, தட்டுகளை நெருக்கும். உன்னுடையதில் மெல்லிய எஃகு வளையங்களில் கோத்த நூற்றுக்கணக்கான எஃகுத் தகடுகள். தட்டுகளை நெருக்குவது எண்ணெயின் அழுத்தம். ரப்பர் இழுத்தது, இந்த எஃகு தள்ளுகிறது. கராஜ்காரன் சொன்னது பாதி சரி.

மூன்றாவது. இயந்திரம் தனக்குத் தோதான ஒரு சுழற்சியில் நின்றுகொண்டு தட்டுகளை நகர விடுகிறது. அதனால் சத்தம் முன்னே போய்விடுகிறது, கார் பின்னால் வந்து சேர்கிறது. பழுது இல்லை, பயப்படாதே. ட்ரீக்கின் காரில் இன்னொன்றும் உண்டு. வேக மிதியிலிருந்து காலை எடுத்தால் இயந்திரம் சக்கரங்களிலிருந்து கழன்றுகொள்ளும். முணுமுணுத்துக்கொண்டிருக்கும், வண்டி ஓர் அடி நகராது. காலை அழுத்தினால்தான் பிடிக்கும்.

நான்காவது. வேகம் குறையக் குறைய பெல்ட் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பும். கார் நிற்கும் நேரத்தில் எப்போதும் அது மெதுவான நிலைக்கு வந்திருக்கும். ஆகவே மறுபடி கிளம்பும்போது முழு இழுவை கிடைக்கும். தொழிற்பள்ளியின் மாலை வகுப்பில் பதினெட்டு வருஷம் நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது.

ஐந்தாவதை எழுதவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லலாம். காரணம் அதுவல்ல.

நோல்


ஹூஸ், 11 அக்டோபர்

நோல்,

தட்டுகளை வைத்துப் பார்த்தேன். ஒன்று உடைந்தது. புரிந்தது.

ஐந்தாவதை நீ எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுதுகிறேன்.

கல்லறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ட்ரீக்கின் குழிக்கான உரிமை டிசம்பர் முதல் தேதியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்துவிடுவார்கள். எனக்கு போனில் காது கேட்பதில்லை, மகள் மார்ஹாதான் பேசினாள். அந்த அலுவலகப் பெண் அவளிடம் கேட்டாளாம்: "அது ரெண்டு பேருக்கான ஆழம்ங்க. அம்மாவுக்கும் அங்கதானே?" மார்ஹா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பெண்ணே தொடர்ந்தாளாம்: "வேணாம்னா சொல்லிடுங்க. எலும்பை எடுத்துப் பொதுக் குழில வெச்சிடுவோம். மரியாதையாத்தான் செய்வோம்."

நாற்பத்தெட்டு வருஷமாக எனக்கு ஒரு இடம் அவனுக்கு மேலே காலியாகக் கிடக்கிறது. வேண்டாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். என்னை விட்டுப் போக முடிவெடுத்த ஆளின் மேல் போய்ப் படுப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. இதைத்தான் நீ உன் ஐந்தாவது எண்ணில் வைத்து மூடினாய்.

நீயும் மறந்திருக்க மாட்டாய். 1971, டிசம்பர் 14, உறைபனி. ஆலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அந்த இலையுதிர்காலம் முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை. ரொட்டி டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். தேவைப்படாது என்று தெரிந்தவன் எதற்கு எடுத்துக்கொண்டு போகிறான்? தடுப்பில்லாத அந்த ரயில் கடவையில், எதிர்ப்பக்கம் பால் லாரியோடு நின்ற கோலன் போலீஸிடம் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். "சர்ருனு வந்து நின்னான். மூக்கு தண்டவாளத்து மேல. அப்புறம் நடந்து போற வேகத்துல ஏறினான், யோசிக்கிற ஆள் மாதிரி." மறுநாள் போலீஸ்காரர் என் சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வண்டில குறை ஒண்ணும் இல்லேம்மா. உங்க அண்ணனே சொல்லிட்டாரு."

உன்னிடம் ஒரு கேள்வி, வாத்தியாரே. அந்தக் கார் முன்னால் போகும் வேகத்தில் பின்னாலும் போகும் என்று எங்கள் கல்யாண விருந்தில் நீதான் எழுந்து நின்று விளக்கினாய். அந்த வருஷம் ஆகஸ்ட் திருவிழாவில் நடந்த பின்னோட்டப் பந்தயத்தில் ட்ரீக்தான் முதல். ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு வாங்கி வந்தான். ஈஸ்டர் வரை தின்றிருப்போம். அவன் போன பிறகு மதுக்கடையில் பேசிக்கொண்டார்களாம்: "பின்னால போறதுல ஜெயிச்சவனுக்குப் பின்னால வரத் தெரியலையாக்கும்?" அவனால் பின்னால் வந்திருக்க முடியுமா, முடியாதா? ஒரு சொல் போதும்.

ஃபீன்


ஹெல்மொண்ட், 19 அக்டோபர்

ஃபீன்,

ஒரு சொல்: முடியும்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

அந்தக் காரில் பின்னோட்டத்துக்கும் அதே பெல்ட்டுகள்தான். என் நான்காவது குறிப்பு சரியென்றால் முன்னாலோ பின்னாலோ, கிளம்பியதும் முழு இழுவை கிடைத்திருக்கும். இப்போது படித்துப் பார்க்கிறேன். 'சரியென்றால்' என்று எழுதியிருக்கிறேன். யோசித்து எழுதியதல்ல. அடிக்கவும் மனம் வரவில்லை.

அந்தப் போலீஸ்காரர் வகுப்பறை வாசலுக்கே வந்தார். என் கையில் சாக்பீஸ். உள்ளே இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நின்னுட்டுக் கிளம்பறப்ப இந்த வண்டி திணறுமா, சார்?" என்று கேட்டார். "திணறாது. நிற்கிறப்ப பெல்ட் எப்பவும் திரும்பி வந்துடும்" என்றேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார், நான் பாடத்தைத் தொடர்ந்தேன். பாடத்தைத் தொடர்ந்ததை இவ்வளவு காலம் யாரிடமும் சொன்னதில்லை.

நீ கோபப்பட மாட்டாய் என்றால் ஒன்று கேட்க வேண்டும். கோபப்பட்டாலும் கேட்க வேண்டும். கோலன் சத்தத்தைப் பற்றி ஏதாவது சொன்னானா? யோசிக்கிற ஆள் காலை எடுத்திருப்பான். காலை எடுத்தால் அந்த வண்டி முணுமுணுத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். நடந்து போற வேகத்தில்கூடப் போகாது. முதல் கடிதத்தில் நானே எழுதிய மூன்றாவது குறிப்பு இது. எழுதிவிட்டு அதை நான் படிக்கவில்லை என்று தோன்றுகிறது.

நோல்


ஹூஸ், 27 அக்டோபர்

நோல்,

கோபப்பட்டேன். இரண்டு நாள். பிறகு களைத்துவிட்டது.

கோலன் செத்து இருபது வருஷமாகிறது. ஒருமுறை, மார்ஹாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, திருவிழாக் கூடாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பீர் வாசம்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஃபீன். போலீஸ் கேக்கல, நானும் சொல்லல."

"சொல்லாமலே இரு."

"மோட்டார் கத்துச்சு. என் பொண்டாட்டி தையல் மிஷினுக்கு வெறி புடிச்ச மாதிரி. லாரிக்குள்ள இருந்த எனக்கே கேட்டுச்சு. ஆனா வண்டி மட்டும் நடந்துதான் வந்துச்சு."

"குடிச்சிருக்க, கோலன். வீட்டுக்குப் போ."

"குடிச்சாத்தான் சொல்ல முடியுது. இல்லேன்னா பத்து வருஷம் சும்மா இருந்திருப்பேனா?"

ராட்டினத்துக்கு வரிசையில் நின்ற மார்ஹாவைக் கூப்பிடப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன். அவன் என்னைச் சமாதானப்படுத்த இட்டுக்கட்டுகிறான் என்று நினைத்தேன். அல்லது ட்ரீக் கடைசியாக ஒரு கூத்து காட்டிவிட்டுப் போனான் என்று நினைத்தேன். எதை நினைத்தேன் என்று இப்போது சரியாகத் தெரியவில்லை. இது உனக்கு எதற்கு உதவும் என்றும் தெரியவில்லை.

படிவத்தில் 'காலி செய்யலாம்' என்ற கட்டத்தில் குறி போட்டு உறையில் வைத்துவிட்டேன். நவம்பர் 25-ஆம் தேதி, திங்கட்கிழமை, தபாலில் போடுவேன். அதற்குப் பிறகு நீ எழுதுவதெல்லாம் எனக்குப் பயன்படாது.

ஃபீன்


ஹெல்மொண்ட், 14 நவம்பர்

ஃபீன்,

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு கார் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் அந்தக் கார்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் தயங்கிவிட்டு அவர்களுக்கு எழுதினேன். சனிக்கிழமை ஒரு பீட்ரூட் பண்ணையின் சிமெண்ட் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். காரின் சொந்தக்காரி பெயர் கோரி, அறுபது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ். ட்ரீக்கிடம் இருந்த அதே வகை, அதே வெளிர் நீலம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சாதாரணமாக ஓட்டி, சாதாரணமாக பிரேக் போட்டு நின்று, கிளம்பினேன். எட்டு முறை. ஒவ்வொரு முறையும் கார் குதித்துக் கிளம்பியது. முதல் நான்கு மீட்டரைக் கடக்க இரண்டு வினாடிக்கும் குறைவு. என் நான்காவது குறிப்பு சரி என்று நோட்டில் எழுதினேன். எழுதும்போது நிம்மதியாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

பிறகு கோரி ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். உறைபனிக்குப் பதில். அதன்மேல் வந்து பிரேக் போட வேண்டும். நான் போட்டேன்.

"என்ன சார் இது, முட்டை மேல நிக்கற மாதிரி மிதிக்கறீங்க. எதிர்ல ரயில் வருதுன்னு நெனச்சிக்கிட்டு மிதிங்க."

அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஃபீன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னாள்.

மிதித்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி வழுக்கி, விரிப்பைத் தாண்டி, சிமெண்ட்டில் போய் நின்றது. உடனே வேக மிதியைத் தரை வரை அழுத்தினேன். இயந்திரம் கத்தியது. கார் நகர்ந்தது; நடந்து போகிற வேகம், அவ்வளவுதான். நான்கு மீட்டருக்கு ஐந்து வினாடி. அதன் பிறகுதான் திடீரென்று பிடித்து இழுத்தது. மறுபடி செய்தேன். ஐந்தரை. மூன்றாம் முறை வழுக்கி நின்றதும் பின்னோட்டத்தில் போட்டேன். அதற்குக் காலை எடுத்து, இயந்திரம் அடங்கும் வரை காத்திருந்து, நெம்புகோலை மாற்றி, மறுபடி அழுத்த வேண்டும். அதற்கே மூன்று வினாடி. பிறகு அதே கத்தல், அதே நடை.

இறங்கி வந்து பேனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெல்ட் திரும்பி வரலை" என்றேன்.

"எப்படி வரும்? பெல்ட் எடம் மாறணும்னா சுத்திக்கிட்டே இருக்கணும். சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா அதுவும் நின்ன எடத்துலயே நின்னுக்கும். வேகமா ஓடுற நெலமைலயே கெடக்கும். கொஞ்சம் உருண்டாத்தான் எறங்கி வரும். இது வெச்சிருந்த எல்லாருக்கும் தெரியுமே." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இந்த வண்டிதானே வெச்சிருந்தீங்க?"

"இல்லம்மா. நான் சைக்கிள்தான். இதப் பத்திப் பாடம் எடுத்தேன்."

"சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளியில் எங்களிடம் இருந்த மாதிரியைச் சுவரோரம் ஒரு சட்டத்தில் பொருத்தியிருந்தோம். கையால் சுற்றிக் காட்டுவேன், பெல்ட் அழகாகத் திரும்பி வரும். சுற்றிக்கொண்டே இருந்ததால் திரும்பி வந்தது. அதைச் சுற்றாமல் நிறுத்திப் பார்க்க ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். அன்று காலையில் என்ன நடந்தது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. விரிப்பு வேறு, உறைபனி வேறு. கோலன் குடித்திருந்தான். டயர்களும் புதியவை. முடிவு என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

நோல்


ஹூஸ், 20 நவம்பர்

அண்ணா,

நீ முடிவு எழுத மாட்டாய், தெரியும். சின்ன வயதில் மழை பெய்கிறதா என்று கேட்டால் கையை வெளியே நீட்டிவிட்டு, "பெய்யுதுன்னுதான் தோணுது" என்பாய். நானே எழுதுகிறேன்.

பனியில் வழுக்கினான். தண்டவாளத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வர நேரமில்லை, அது அவனுக்குத் தெரியும், பந்தயத்தில் ஜெயித்தவன். அதனால் முன்னால் தாண்டிவிடப் பார்த்தான். மோட்டார் கத்தக் கத்த மிதித்தான். வண்டி வரவில்லை. இவ்வளவுதான். இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. உன் கடிதத்தைப் படித்த அன்று மாலை ரொட்டி டப்பாவைப் பற்றி யோசித்தேன். அந்த நவம்பரில் மட்டும் இரண்டு முறை அதை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். ஒருமுறை நானே குழந்தையோடு சைக்கிளில் ஆலை வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த இரண்டையும் நான் சேர்க்கவே இல்லை. கடைசி ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன். ஆகவே தப்பு உனக்கு மட்டும் சொந்தமில்லை, அதிகம் பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

நாற்பத்தெட்டு வருஷம் தப்பான ஆள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். சரியான ஆள் மேல் கோபப்பட இப்போது தெம்பில்லை. தெம்பு வந்தால் சொல்கிறேன்.

உறையைக் கிழித்தேன். அலுவலகத்தில் வேறு படிவம் கேட்டுவாங்கும்படி மார்ஹாவிடம் சொன்னேன். "எந்தக் கட்டத்துல குறி போடணும்?" என்றாள். "ரெண்டு பேருக்கான ஆழம்னு சொன்னாளே, அதுல" என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாம் தெரிந்து வளர்ந்தவள்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். அவள் படிப்பதற்கு எழுது. டயர், விரிப்பு, கோலனின் பீர் ஒன்றும் வேண்டாம். நீ எண் போட்டு எழுதினாயே, அதில் எது தப்போ அதை மட்டும் எழுது.

ஃபீன்


ஹெல்மொண்ட், 25 நவம்பர்

ஃபீன், மார்ஹா,

ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நீளமாகிக்கொண்டே போனது. இது ஆறாவது.

அக்டோபர் 3-ஆம் தேதிக் கடிதத்தில் நான் எழுதிய முதல் மூன்று குறிப்புகளும் எனக்குத் தெரிந்தவரை சரி. ஐந்தாவதை நான் எழுதவே இல்லை, ஃபீன் எழுதினாள்.

நான்காவது தவறு. கார் நிற்கும் நேரத்தில் பெல்ட் எப்போதும் திரும்பி வந்திருக்கும் என்று எழுதியிருந்தேன். 1971 டிசம்பரில் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டு போலீஸ்காரரிடம் சொன்னதும் அதே சொல்தான்: 'எப்பவும்'. அப்படியல்ல. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நின்றால் பெல்ட் நின்ற இடத்திலேயே இருந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் முதல் சில மீட்டர்களுக்கு வண்டி நடந்துதான் போகும்.

ட்ரீக் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. மிதித்துக்கொண்டிருந்தான்.

நோல்